கீழாநெல்லியை அடையாளம் காணவும் ஆள் வேண்டும்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் புதிய தாவரம் கண்டுபிடிக்கப்பட்டதாக ஆண்டுக்குப் பலமுறை நாளிதழ்களில் செய்தி வருகிறது. பூவின் வண்ணப்படம், கண்டறிந்த குழுவினரின் பெயர்கள், மலையின் பெயர், கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் அது வளர்கிறது என்பன எல்லாம் அதில் இருக்கும். அது புதியது என்பது எப்படித் தெரிந்தது என்ற விவரம் மட்டும் பெரும்பாலும் இருக்காது. அந்த விடுபட்ட பகுதியைப் பற்றியும், அந்த வேலையைச் செய்யத் தெரிந்தவர்கள் நம் கல்லூரிகளில் அருகிவருவதைப் பற்றியும் சில செய்திகளைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன். தாவர வகைப்பாட்டியலைக் கற்பித்து ஓய்வுபெற்றவன் ஆகையால் எனக்கு இதில் சார்பு உண்டு என்று யாரேனும் சொன்னால் மறுக்கமாட்டேன்.

காட்டில் ஒரு செடியைக் காண்பது மட்டுமே கண்டுபிடிப்பு ஆகிவிடாது. அந்த மலையில் வாழும் காணிக்காரரோ பளியரோ இருளரோ அதைத் தலைமுறை தலைமுறையாக அறிந்திருக்கக்கூடும். தாவரவியல் கேட்கும் கேள்வி வேறு: இதுவரை உலகில் பெயரிட்டு விவரிக்கப்பட்ட எந்தச் சிற்றினத்தோடும் இது ஒத்துப்போகவில்லை என்று காட்ட முடியுமா? அதற்கு முதலில் பூவும் காயும் உள்ள மாதிரியைச் சேகரித்து, அழுத்திக் காயவைத்து, ஏறக்குறைய 42 சென்டிமீட்டர் நீளமும் 29 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட தடித்த தாளில் ஒட்டி, சேகரித்த இடம், நாள், உயரம், பூ புதிதாக இருந்தபோது காணப்பட்ட நிறம், சேகரித்தவரின் பெயர், எண் ஆகியவற்றைச் சீட்டில் எழுத வேண்டும். (செடியை அழுத்திக் காயவைக்க இன்றும் பழைய செய்தித்தாளைத்தான் பயன்படுத்துகிறோம், ஆகவே தங்கள் நாளிதழ் தன்னையறியாமலேயே தமிழ்நாட்டுத் தாவரவியலுக்குத் தொண்டு செய்துவருகிறது.) பிறகு அந்தப் பேரினத்தைப் பற்றி எழுதப்பட்ட அத்தனை நூல்களையும் கட்டுரைகளையும் படித்து, அதன் நெருங்கிய உறவுச் செடிகளின் மாதிரிகளை ஹெர்பேரியம் எனப்படும் உலர்தாவரத் தொகுப்புகளில் எடுத்துப் பார்த்து, பூவைப் பிரித்து நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வோர் உறுப்பையும் அளந்து ஒப்பிட வேண்டும். மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் நீளும் இந்த ஒப்பீட்டின் முடிவில்தான் செடி புதியதா, முன்பே அறியப்பட்டதா என்பது தீர்மானமாகிறது.

பெயரிடுவதற்கும் சட்டதிட்டம் உண்டு. 1958-ஆம் ஆண்டு முதல், புதிய சிற்றினத்தை வெளியிடுகிறவர் எந்த மாதிரியின் அடிப்படையில் அந்தப் பெயர் நிற்கிறது என்று சுட்டிக்காட்டியாக வேண்டும். தாவரவியலார் இதனை 'டைப்' என்பர். 1990 முதல் அந்த மாதிரி எந்த ஹெர்பேரியத்தில் வைக்கப்பட்டுள்ளது என்பதையும் குறிப்பிட வேண்டும். 2012 முதல் விவரிப்பை லத்தீனுக்குப் பதிலாக ஆங்கிலத்திலும் எழுதலாம் என்று விதி தளர்த்தப்பட்டது. டைப் பற்றிய விதியில் எந்தத் தளர்வும் இல்லை. பிற்காலத்தில் யாருக்கு ஐயம் எழுந்தாலும் அந்த ஒரு தாளை எடுத்துப் பார்த்துத் தீர்த்துக்கொள்ள முடிய வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

இவையெல்லாம் அடர்ந்த காட்டில் வளரும் அரிய செடிகளுக்கு மட்டும் உரியவை என்று எண்ணிவிடக் கூடாது. நம் வீட்டுக் கொல்லையில் முளைக்கும் கீழாநெல்லியையே எடுத்துக்கொள்வோம். மஞ்சள் காமாலைக்கு அதை அரைத்து மோரில் கலந்து கொடுக்காத ஊர் தமிழ்நாட்டில் அரிது. சற்றேறக்குறைய ஓர் அடி உயரம் வளரும் அச்செடியின் சிறுகிளைகள் பார்வைக்குக் கூட்டிலை போலவே தோன்றும். அவற்றின் அடிப்புறத்தில் கடுகைவிடச் சற்றே பெரிய காய்கள் வரிசையாகத் தொங்கும். ஆனால் இந்த வருணனைக்குப் பொருந்தும் செடிகள் பல உள்ளன. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ் ஒன்றிருந்தால் போதும், அவற்றைப் பிரித்துவிடலாம். பூவிதழ்கள் ஐந்தாக இருந்து, ஒரே இலைக்கோணத்தில் ஓர் ஆண்பூவும் ஒரு பெண்பூவும் சேர்ந்திருந்தால் அது ஃபில்லாந்தஸ் அமாரஸ். பூவிதழ்கள் ஆறாக இருந்தால் ஃபில்லாந்தஸ் டெபிலிஸ் அல்லது ஃபில்லாந்தஸ் ஃப்ராட்டெர்னஸ் ஆகலாம். காயின் மேற்புறம் சொரசொரப்பாகவும், விதையில் குறுக்குவாட்டு வரிகளும், தண்டில் செந்நிறப் படர்வும் காணப்பட்டால் அது ஃபில்லாந்தஸ் யூரினேரியா. மேலாநெல்லி என்று நாம் சொல்லும் ஃபில்லாந்தஸ் மதராஸ்பட்டென்சிஸ், கூட்டிலை போன்ற சிறுகிளை அமைப்பே இல்லாததால் எளிதில் பிரிந்துவிடும்.

இவ்வளவு எளிய வேறுபாடுகள் எத்தனை காலம் குழம்பிக் கிடந்தன என்பதுதான் வியப்பு. டெபிலிஸ் என்ற சிற்றினத்தை முதலில் தனித்து அறிந்தவர்களுள் ஒருவர் தரங்கம்பாடியில் இருந்த மருத்துவர் க்ளைன். அவர் இட்ட பெயரைப் பெர்லினில் இருந்த வில்டெனோ 1805-இல் முறைப்படி வெளியிட்டார். அதாவது நம் கடற்கரை ஊர் ஒன்றில் செய்த வேலையின் பயனாக இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இச்செடிக்குத் தனிப்பெயர் கிடைத்துவிட்டது. ஆனால் பின்னர் வந்த பெருநூலான ஹூக்கரின் பிரிட்டிஷ் இந்தியத் தாவரநூலில் ஃபில்லாந்தஸ் நிரூரி என்ற ஒரே பெயரின் கீழ் அமாரஸ், ஃப்ராட்டெர்னஸ், டெபிலிஸ் ஆகிய மூன்றும் கலந்து கிடந்தன. உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. இந்தக் கலப்பை இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆய்விதழில் வெளியான கட்டுரை ஒன்று பிரித்துக் காட்டியது 1985-இல்தான். இன்றும் மருந்துப் புட்டிகளின் மேல்சீட்டில் நிரூரி என்றே அச்சிட்டிருப்பதைக் காணலாம்.

இதனால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். 1988-இல் சென்னை ஆய்வாளர்கள் நோபல் பரிசு பெற்ற பிளம்பெர்க் அவர்களுடன் சேர்ந்து, ஹெபடைடிஸ்-பி தொற்றை நெடுநாள் சுமந்திருப்பவர்களுக்கு ஃபில்லாந்தஸ் அமாரஸ் கொடுத்துப் பார்த்த முடிவுகளை லான்செட் இதழில் வெளியிட்டனர். மருந்து பெற்ற 37 பேரில் 22 பேருடைய இரத்தத்தில் தொற்றின் அடையாளப் புரதம் மறைந்துவிட்டதாக அக்கட்டுரை தெரிவித்தது. உலகெங்கும் பரபரப்பு எழுந்தது. பிற நாடுகளில் பின்னர் நடந்த ஆய்வுகளில் அதே முடிவு கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்ற விவாதத்தில், பயன்படுத்தப்பட்ட செடி எந்தச் சிற்றினம், எங்கே பறிக்கப்பட்டது என்பதும் ஒரு கேள்வியாக எழுந்தது. முதல் ஆய்வு சரியா பிந்தைய ஆய்வுகள் சரியா என்று தீர்ப்புச் சொல்வது மருத்துவர்களின் வேலை. என்ன செடி என்ற கேள்விக்கு விடை வகைப்பாட்டியலில்தான் இருக்கிறது. அதற்கு ஒவ்வோர் ஆய்விலும் சான்று மாதிரி ஒன்றைக் காயவைத்துப் பாதுகாத்திருக்க வேண்டும்.

நாட்டுமருந்துக் கடை வரை இந்தச் சிக்கல் வருகிறது. தென்னிந்தியச் சந்தைகளில் வாங்கிய கீழாநெல்லி மாதிரிகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2010-இல் வந்தது. மாதிரிகளில் 76 விழுக்காட்டில் அமாரஸ் ஏறத்தாழக் கலப்பின்றி இருந்தது. எஞ்சிய 24 விழுக்காட்டில் வேறு ஐந்து சிற்றினங்கள் காணப்பட்டன. நான் எதிர்பார்த்ததைவிட இது நல்ல நிலைதான். மூலிகை பறிக்கும் கிராமத்துப் பெண்களின் கண் நம்மில் பலருடைய கண்ணைவிடக் கூர்மையானது என்பதற்கு இதையே சான்றாகக் கொள்வேன். அந்த ஐந்தில் ஒன்று ஃபில்லாந்தஸ் கோழிக்கோடியானஸ். கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகத் தாவரவியலார் 1970-களில் பெயரிட்டு வெளியிட்ட சிற்றினம் அது. எல்லாரும் கீழாநெல்லி என்று கடந்துபோன களைகளுக்கு நடுவிலிருந்தே, ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்தவர்கள் அதைப் பிரித்தெடுத்தார்கள்.

இன்னொன்றும் உண்டு, சித்த மருத்துவ அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். ஃபில்லாந்தஸ் அமாரஸ் வெப்பமண்டல அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டு இங்கே வந்து பரவிய செடி என்றே இன்றைய தாவரத் தொகுப்பு நூல்கள் கொள்கின்றன. முறைப்படி அது முதலில் விவரிக்கப்பட்டதோ ஆப்பிரிக்காவின் கானாவில் எடுத்த மாதிரியைக் கொண்டு, 1827-இல். அப்படியானால் கடல் வழியே அமெரிக்கத் தாவரங்கள் வரத் தொடங்குவதற்கு முன்பு நம் மருத்துவர்கள் கையாண்ட கீழாநெல்லி எது? இந்நாட்டுச் செடியான டெபிலிஸாக இருக்குமா? சித்த மருத்துவ அறிஞரும் வகைப்பாட்டியலாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஆராய வேண்டிய கேள்வி இது. எது நாட்டுச் செடி, எது வந்தேறிச் செடி என்பதைக்கூட முறையான வகைப்பாடு இல்லாமல் சொல்லிவிட முடியாது.

புதிய சிற்றினங்களில் பல ஏற்கெனவே அலமாரிகளில் காத்துக்கொண்டிருக்கின்றன. 2010-ஆம் ஆண்டு அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியான ஆய்வொன்றின்படி, புதியதாக விவரிக்கப்பட்ட தாவரங்களில் முதன்முதலில் சேகரிக்கப்பட்டு ஐந்து ஆண்டுகளுக்குள் பெயர் பெற்றவை 16 விழுக்காடு மட்டுமே. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குச் சிற்றினங்கள் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைய மாதிரிகளைக் கொண்டு அறியப்பட்டவை. தொலைந்ததாகக் கருதப்பட்ட தாவரம் மீண்டும் கிடைப்பதும் இவ்வாறுதான். இலுப்பையின் பேரினத்தைச் சேர்ந்த மதுக்கா டிப்ளோஸ்டெமன் என்ற மரம் தாவரவியலார் ராபர்ட் வைட்டின் 1835-ஆம் ஆண்டுச் சேகரிப்புக்குப் பிறகு அறியப்படாமலேயே இருந்தது. அது கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில், காவு எனப்படும் கோவில் காடு ஒன்றில் நிற்பதாக 2020-இல் அறிவிக்கப்பட்டது. பழைய மாதிரித் தாள் பாதுகாக்கப்பட்டிராவிட்டால், மரம் கண்ணெதிரே நின்றாலும் அது இன்னதென்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

இந்தத் துறையில் தமிழ்நாட்டுக்குப் பழைய உரிமை உண்டு. லின்னேயஸின் மாணவரான கூனிக் 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். அங்கே பின்னர் செடி சேகரித்த ராட்லர் பாதிரியார்தான் தமிழ்–ஆங்கில அகராதியையும் தொகுத்தவர். பருத்திச் சோதனைக்காகக் கோவையில் பல ஆண்டுகள் இருந்த ராபர்ட் வைட்டின் நூல்களுக்கு ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்கள் வரைந்த படங்கள் இன்றும் ஆய்வுக்குப் பயன்படுகின்றன. கேம்பிள் 1915-இல் வெளியிடத் தொடங்கிய சென்னை மாகாணத் தாவரநூலை, அவர் மறைந்த பின் ஃபிஷர் 1936-இல் முடித்தார். விடுதலைக்குப் பின் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பொறுப்பு ஜானகி அம்மாளிடம் ஒப்படைக்கப்பட்டது. 1955-இல் கோவையில் அதன் தென்மண்டல மையம் அமைந்தது. திருச்சி புனித வளனார் கல்லூரியில் 1967-இல் ராபினாட் ஹெர்பேரியத்தை நிறுவிய மேத்யூ பாதிரியார், கல்லூரி ஒன்றை மையமாகக் கொண்டே கர்நாடகச் சமவெளித் தாவரங்களுக்கும் பழனிமலைத் தாவரங்களுக்கும் முழுமையான நூல்களை உருவாக்கிக் காட்டினார். என் தலைமுறை ஆசிரியர்கள் மாணவர்களை அழைத்துக்கொண்டு மலையேறியபோது பையில் இருந்தவை கேம்பிளும் மேத்யூவும்தான்.

5,600-க்கும் மேற்பட்ட பூக்கும் தாவரங்களைக் கொண்ட மாநிலம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அவற்றைப் பார்த்துப் பெயர் சொல்லக்கூடியவர்களை எங்கே உருவாக்குகிறோம்? பல கல்லூரிகளில் தாவரவியல் துறையே உயிரித் தொழில்நுட்பத்தின் நிழலில் ஒதுங்கி நிற்கிறது. எஞ்சியிருக்கும் வகைப்பாட்டியல் பாடமும் குடும்பப் பண்புகளை மனப்பாடம் செய்து எழுதும் பாடமாகச் சுருங்கிவிட்டது. காட்டுக்குள் மாணவர்களை அழைத்துச் செல்லவும் செடி சேகரிக்கவும் அனுமதி பெறுவதற்கே ஒரு பருவம் கழிந்துவிடுகிறது. வனத்துறையின் எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு என்றாலும், பயிற்சிக்கென்று எளிய வழியொன்றை வகுத்தால் நல்லது. ஆய்வுக் கட்டுரை எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகிறது என்பதைக் கொண்டே பதவி உயர்வு அளக்கப்படும்போது, ஒரு பேரினத்தைப் பத்தாண்டு ஆராய்ந்து எழுதுகிறவர் தோற்றுத்தான் போவார். அவர் கட்டுரையை மேற்கோள் காட்டுவோர் சிலரே. ஆனால் ஐம்பது ஆண்டு கழித்தும் அதை எடுத்துப் பார்ப்பார்கள்.

நான் பணியாற்றிய கல்லூரிகளுள் ஒன்றில் ஹெர்பேரியம் இருந்த அறை வேறு தேவைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டு, மர அலமாரிகள் தாழ்வாரத்துக்கு வந்தன. அடுத்த மழைக்காலம் முடிந்து திறந்து பார்த்தபோது கண்ட தாள் ஒன்று நினைவில் இருக்கிறது. காசித்தும்பையின் உறவான மலைச்செடி அது. அதன் மெல்லிய பூ அழுத்தினாலே உருக்குலைந்துவிடும் என்பதால், சேகரித்தவர் பூவின் ஒவ்வோர் இதழையும் தனித்தனியே பிரித்து, சிறு காகித உறையில் இட்டுத் தாளின் மூலையில் ஒட்டியிருந்தார். உறையில் வட்ட வட்டமாகத் துளைகள். உள்ளே பழுப்புநிறத் தூள். சிகரெட் வண்டு என்று நாங்கள் சொல்லும் சிறு வண்டின் வேலை. தண்டும் நான்கு இலைகளும், நீல மையில் எழுதிய சீட்டும் மட்டும் மிஞ்சியிருந்தன. பாச்சா உருண்டையும் காற்றுப் புகாத இரும்பு அலமாரியும் பார்த்துக்கொள்ள ஒரு பணியாளும் இருந்திருந்தால் தடுத்திருக்கக்கூடிய இழப்பு. அந்தப் பூ மீண்டும் கிடைக்கலாம். அந்தச் சரிவில் அந்த ஆண்டு அது பூத்திருந்தது என்பதற்கு இருந்த சான்று இனிக் கிடைக்காது.

மரபணு ஆய்வு வந்துவிட்டதே, இனி இதழ் எண்ணுவது எதற்கு என்று இளம் ஆய்வாளர்கள் கேட்பதுண்டு. டி.என்.ஏ. வரிசையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. மேலே சொன்ன சந்தை ஆய்வே அதன் துணையால் நடந்ததுதான். ஆனால் ஒரு வரிசையை எதனோடு ஒப்பிடுவது? அடையாளம் உறுதிசெய்யப்பட்ட மாதிரியிலிருந்து எடுத்த வரிசையோடுதான். அந்த மாதிரிக்குத் தவறான பெயர் இருந்தால், கருவி மிகத் துல்லியமாகத் தவறான விடையைத் தரும். பெயர்கள் அடிக்கடி மாறுகின்றன என்ற குறையும் உண்மைதான். நம் கருவேலமரம் அகேசியா என்ற பேரினத்திலிருந்து வச்செல்லியாவுக்குப் போய்விட்டது. அகேசியா என்ற பெயர் ஆஸ்திரேலிய இனங்களுக்கே நிற்கும்படி 2005-இல் வியன்னா மாநாட்டில் முடிவானபோது இங்கே பலர் சினந்தார்கள், நானும் சினந்தேன். அவசரத்தில் வெளியிடப்படும் 'புதிய' சிற்றினங்களில் சில, பின்னர் வரும் ஆய்வில் பழைய சிற்றினத்தோடு சேர்ந்துவிடுகின்றன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இலையில் இரண்டு மயிர் கூடுதலாக இருப்பதைக் கொண்டே புதிய பெயர் சூட்டும் ஆசையைத் தடுப்பதற்கும் நன்கு பயின்ற வகைப்பாட்டியலார் தேவை.

அரசு செய்யக்கூடியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. மாவட்டத்துக்கு ஓர் அரசுக் கல்லூரியிலாவது ஹெர்பேரியத்துக்கென்று ஓர் அறையும் நிரந்தரக் காப்பாளர் ஒருவரும் இருக்கட்டும். மூடிக்கிடக்கும் கல்லூரித் தொகுப்புகளிலுள்ள தாள்களைப் படமெடுத்து, 2022-இல் இந்தியத் தாவரவியல் ஆய்வகம் தொடங்கிய இணையவழி ஹெர்பேரியத்தோடு இணைக்க வழி காண வேண்டும். பராமரிக்க இயலாத தொகுப்புகளைக் கோவைக்கோ திருச்சிக்கோ ஒப்படைத்துவிடலாம். உயிரியல் பல்வகைமைச் சட்டத்தின்படி உள்ளாட்சிகளில் எழுதப்படும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடுகளில் செடியின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. அவற்றுள் முதன்மையானவற்றுக்கேனும் சான்று மாதிரி எண் இருக்க வேண்டும். இல்லையெனில் கீழாநெல்லி என்று எழுதியிருப்பது ஆறில் எது என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. மூலிகை கொள்முதல் செய்யும் நிறுவனங்களும் ஒவ்வொரு தொகுதிச் சரக்கிலிருந்தும் பூவும் காயும் உள்ள ஒரு செடியை எடுத்துவைக்கும் பழக்கத்தைக் கைக்கொள்ளலாம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை புதிய தாவரம் பற்றிய செய்தி வரும்போது, அதன் டைப் மாதிரி எந்த ஹெர்பேரியத்தில் வைக்கப்பட்டுள்ளது, அதன் எண் என்ன, எந்தச் சிற்றினத்தோடு ஒப்பிட்டு எந்தப் பண்பால் அது வேறானது என்று கண்டார்கள் என்பதை இரண்டு வரியில் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இவ்விவரங்கள் மூலக் கட்டுரையில் கட்டாயம் இருக்கும் என்பதால், கேட்டுப் பெறுவதில் தங்கள் செய்தியாளர்களுக்குச் சிரமம் இராது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர்,
திருநெல்வேலி.